தாடைக்கட்டு
காலையில் வார்டுக்கு வரும் டாக்டர் தைரியராஜ், பெரியண்ணனின் கட்டிலருகே அப்படியே நிற்கிறார். பொன்மலை ரயில்வே பட்டறைக்கு ஷிப்டுக்குப் போகும் வழியில் சைக்கிளிலிருந்து விழுந்து தாடை உடைந்தவர் பெரியண்ணன். மூன்று மணி நேரம் பாடுபட்டு எலும்பைச் சேர்த்து, தாடையிலிருந்து உச்சந்தலைவரை டாக்டர் நேற்று போட்ட கட்டு இப்போது தரையில் ஜன்னல் வெயிலில் கிடக்கிறது. பெரியண்ணனின் வாய் ஒரு பக்கமாகக் கோணி எச்சில் ஒழுகுகிறது. “யாரு அவுத்தது?” தலைமாட்டில் நிற்கும் மனைவி வள்ளிக்கண்ணு, “நாந்தாங்க. செத்தவங்களுக்குத்தானே இப்படிக் கட்டுவாங்க. உசுரோட இருக்கிற மனுசனுக்குக் கட்டலாமா?” என்கிறாள். ஐம்பத்தேழாம் வருஷத்திலிருந்து நாற்பது தாடைகளைப் பற்றி எழுதிவரும் ஆராய்ச்சி நோட்டு டாக்டரின் கையில் கசங்குகிறது. கட்டு போட்டும் எலும்பு விலகிய ஏழு பேரின் பெயர்களுக்கு எதிரே, ‘காரணம் தெரியவில்லை’ என்று அவரே எழுதியிருக்கிறார். நோட்டைக் கட்டிலில் வீசுகிறார். குனிந்து அந்தத் துணியை எடுத்துத் தன் தாடையைச் சுற்றி இழுத்து உச்சியில் முடிச்சுப் போடுகிறார். கடித்த பல்லோடு கத்துகிறார்: “இப்பப் பாரும்மா. நான் என்ன செத்தா போயிட்டேன்?” வள்ளிக்கண்ணு அவர் முகத்தைப் பார்க்கிறாள். “வேணாங்கய்யா,” என்கிறாள். அந்த முடிச்சையும் அவிழ்க்க அவள் கை எழுகிறது.