மதியப் படகு வருவதற்குள்

“சேத்தை அள்ளச் சொன்னா தடவிக் கொடுக்கறியே ராசா, அது என்ன கன்னுக்குட்டியா?”

அக்கா போட்ட சத்தத்தில் எங்கள் தலைவன் துடைப்பத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டான். கல்லூரிப் பேரவைத் தேர்தலில் அமோகமாக ஜெயித்தவன். துடைப்பத்தோடு மட்டும் அறிமுகம் இல்லை.

புயல் தீவைப் புரட்டிப் போட்டுச் சில வாரங்கள் ஆகியிருந்தன. துப்புரவு வேலைக்கு உதவ நாங்கள் ஆறு பேர் காலைப் படகில் வந்து இறங்கியதுமே, தெருமுனையில் காத்திருந்த அக்கா எங்களைக் கையோடு பிடித்து இந்த வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கடல் உள்ளே வந்து போன வீடு. கணுக்கால் அளவு சேறு. கதவு கழன்று வாசலில் கிடந்தது. சமையலறையில் ஒரு செத்த மீன், சொந்த வீடு மாதிரி மல்லாந்திருந்தது.

வீட்டுக்காரர் சொல்கிறபடி செய்ய வேண்டும், எதிர்க்கேள்வி கூடாது என்று கல்லூரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அக்காவிடம் எதிர்க்கேள்வி கேட்க இடைவெளியும் கிடைக்கவில்லை.

“மதியப் படகுல வர்றாங்க. மிச்சம் மீதியை வாரிக் கட்டிக்கிட்டு ஒரேயடியா அக்கரைக்குப் போயிடணும்னுதான் வர்றாங்க. வீடு வீடா இருந்தா ஒருவேளை மனசு மாறும்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இவங்களும் போயிட்டா இந்தத் தெருவுல நான் யார்கிட்ட பேசறது? காக்காகிட்டயா?”

தெருவில் ஏற்கெனவே முக்கால்வாசி வீடுகள் காலி. மகன் குடும்பத்தைத்தான் சொல்கிறார் என்று நாங்களாகவே புரிந்துகொண்டோம். பெற்ற பிள்ளையும் விட்டுவிட்டுப் போனால் இந்த வயதில் தனியாக என்ன செய்வார்? எங்களுக்கு எங்கிருந்தோ வேகம் வந்தது.

சேறு வெளியே போனது. கதவு ஏறியது. மீனுக்கு நல்லடக்கம் நடந்தது. பாத்திரங்கள் பளபளத்தன. எந்தச் சட்டி எந்தத் தட்டில், எந்தத் துணி எந்தக் கொடியில் என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

கடைசியில், நிவாரணக் கிடங்கில் சண்டை போட்டு வாங்கிய ஒரு டப்பா பச்சைப் பெயின்ட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

“அடுப்படிச் செவுத்துக்கு இதை அடிங்க. கண்றாவிக் கலர். பார்த்தாலே எனக்குத் தலைவலி வரும். ஆனா இதுதான் இருக்கணும்.”

மருமகளுக்குப் பிடித்த நிறம் போலிருக்கிறது என்று கிசுகிசுத்துக்கொண்டோம். இப்படி ஒரு மாமியார் தனக்கும் கிடைக்க வேண்டுமே என்று, எங்களில் கல்யாணம் நிச்சயமானவள் பிரஷ்ஷோடு பெருமூச்சு விட்டாள்.

சுவர் காயும் முன்பே கரையில் படகுச் சத்தம் கேட்டது.

அதுவரை ஓயாத அக்காவின் வாய் சட்டென்று மூடிக்கொண்டது. புடவையில் கையைத் துடைத்தபடி புழக்கடைப் பக்கம் போய் நின்றார்.

வந்தவர் மருமகள் வயதில் இல்லை. அக்கா வயதுதான் இருக்கும். பின்னால் தோளில் கயிற்றுச் சுருளோடு ஓர் இளைஞர். சம்பந்தியம்மாவாக இருக்கும் என்று தலைவன் கணக்குப் போட்டான்.

“படகுக்காரர் ஒரு மணி நேரம்தான் நிப்பாராம்மா. எதை முதல்ல கட்டறது?” என்றார் இளைஞர்.

அந்த அம்மா கதவைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே வந்தார். பச்சைச் சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

“இதெல்லாம் யாரு செஞ்சது?”

தலைவன் நெஞ்சை நிமிர்த்தினான். “வீட்டுக்காரம்மா சொன்னாங்க, நாங்க செஞ்சோம்.”

“வீட்டுக்காரம்மா நான்தான் தம்பி.”

ஆறு பேரும் ஒருசேரப் புழக்கடையைத் திரும்பிப் பார்த்தோம். அக்கா அங்கே இல்லை.

இடிந்து கிடந்த மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வெறும் சிமென்ட் தரை. வாசல் படிகள் மட்டும் ஒழுங்காக இருந்தன. ஏறிப் போக வீடு இல்லை. நான்கு கம்புகளில் கட்டிய தார்ப்பாயின் கீழே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பற்றவைக்காத அடுப்பை அக்கா வெகு கவனமாக ஊதிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா அந்தத் தரையைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, இடுப்பில் கை வைத்துப் புழக்கடைப் படியில் நின்றார்.

“ஏய்! கட்டிலை ஜன்னலோரமா யாருடி போடச் சொன்னது? காத்து பட்டா எனக்கு ஜலதோஷம் பிடிக்கும்னு தெரியாது உனக்கு?”

அக்கா விருட்டென்று எழுந்தார்.

“தெரியும்டி! தெரிஞ்சுதான் போட்டேன்!”

பிறகு இரண்டு பக்கமும் வாய் ஓயவில்லை. பழைய கணக்கெல்லாம் மதிலைத் தாண்டிப் பறந்தது. தலைவன் பதறிப்போய்ச் சமாதானம் பேச ஓடினான். அந்த அம்மா அவனை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

மூச்சுவிடாமல் திட்டிக்கொண்டே, இடுப்பிலிருந்த கையை மட்டும் எடுத்து, முதுகுக்குப் பின்னால் மகனுக்குச் சைகை காட்டினார்: போய், படகைப் போகச் சொல்.