இசக்கியின் கணுக்கால்

இறுதி ஆட்டத்துக்கு முன்னால், இசக்கியின் வீங்கிய கணுக்காலை வெள்ளை டேப் சுற்றிக்கொண்டது.

“இறுக்காத தம்பி. என் வலி தெரிஞ்சாத்தான் அவ ஆடாம இருப்பா” என்றது கணுக்கால்.

“பயப்படாதக்கா, நான் தாங்கிக்கிறேன்” என்று டேப் இன்னும் இறுகியது.

வலி குறைந்ததும் இசக்கி உற்சாகமாகக் கபடிக் களத்தில் இறங்கினாள். கடைசியாகப் பாடிப் போனவள், பிடித்த மூன்று பெண்களையும் இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொட்டாள். கூட்டம் ஆர்ப்பரித்தபோது கணுக்காலுக்குள் ஏதோ அறுந்தது.

மருத்துவர் டேப்பை வெட்டி எறிந்தார். “இனிமே ஆட முடியாதும்மா” என்றார். இசக்கி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“கடைசி வரைக்கும் நான் விடவேயில்லையேக்கா” என்றது குப்பைக்கூடையில் கிடந்த டேப்.

“ஆமா தம்பி” என்றது கணுக்கால். “நீ விடவேயில்ல.”