மாமன் போட்ட மொட்டை

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் ரோஸ்லினுக்கு முடியெல்லாம் கொட்டிவிட்டது. சிகிச்சை முடிந்து டாக்டரே அனுப்பச் சொல்லியும், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

"நான் சொன்னா கேப்பா" என்று வில்லியனூரிலிருந்து பாகூருக்குக் கிளம்பி வந்தார் தாய்மாமன் இன்னாசிமுத்து. பைக் இருந்தும் பஸ்ஸில்தான் வந்தார். காற்றில் தலை கலைந்தால் அவருக்குப் பிடிக்காது. கலைந்த தலையோடு அவரைப் பெண்டாட்டிகூடப் பார்த்ததில்லை.

"முடி இன்னா பெரிய முடி? உனுக்காக மாமாவும் மொட்ட போட்டுக்கறேன். வேளாங்கண்ணில என் மடியிலதான உனுக்கு மொத மொட்டயே போட்டாங்க!"

வசனத்தில் அவருக்கே புல்லரித்தது.

"அப்ப இப்பவே போடு மாமா" என்றாள் ரோஸ்லின்.

ரோஸ்லினின் அம்மா, அவருடைய அக்கா ஜோஸ்பின், உடனே சலூன்காரரைக் கூப்பிடப் போனை எடுத்தாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமயாச்சே அக்கா..." என்று இழுத்தார் இன்னாசிமுத்து.

"சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க நமக்கு இன்னாடா வெள்ளி, செவ்வா?"

ரோஸ்லினின் முகம் சுருங்கியது. "சும்மாதான் சொன்னியா மாமா?"

ஊரை ஏமாற்றியது போதாதென்று இந்தப் பிள்ளையையுமா என்று இன்னாசிமுத்துவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. தலையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். முடி மொத்தமும் தொப்பிபோலக் கையோடு வந்தது. ஜோஸ்பின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே கொட்டிப்போச்சி" என்று வழுக்கையைத் தடவியபடி விக்கை நீட்டினார். "வேணும்னா இத மாட்டிக்கினு ஸ்கூலுக்குப் போறியா?"

ரோஸ்லின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பல நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"நான் இப்பிடியே போறேன். எனுக்கு வளந்துடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. பாவம், நீயே வச்சிக்க மாமா!"