அடியில் நின்ற இரும்புக் குழாய்

பழைய இரும்புக் கடையில் கிடந்த இரும்புக் குழாய்க்கு ஒரே ஆசைதான். ரேடியோ கம்பத்தின் உச்சியில் நின்று ஊருலகப் பேச்சையெல்லாம் கேட்க வேண்டும். வீட்டிலேயே ரேடியோ ஏரியல் கட்டக் குழாய் தேடி வந்த பூங்கோதை அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"உச்சிக்கு இந்தக் கனம் ஆகாது" என்றவள், அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கம்பத்தின் அடிப்பாகமாக நட்டு, அதன் வாய்க்குள் மெல்லிய அலுமினியக் குழாயைச் செருகினாள்.

"இந்த நோஞ்சான் என்னைவிட உசத்தியா?" என்று பொருமியது இரும்பு.

மாலையில் காற்று சுழற்றியடித்தது.

"அண்ணே, விழுந்துடுவேன் போலிருக்கே!" என்று அலறியது அலுமினியம்.

இரும்பு அதைச் சட்டென்று இறுக்கிப் பிடித்தது. "பயப்படாம ஆடுடா. உன் காலை நான் பிடிச்சிருக்கேன்."

காற்று ஓய்ந்தது.

"அண்ணே, யாரோ பாடுறாங்க. ஒண்ணுவிடாம சொல்லட்டுமா?"

"நிதானமா சொல்லு. நான் எங்கே போகப்போறேன்?" என்றது இரும்பு.