அப்பாவின் வாங்கு

அப்பா நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் நீள மர வாங்கைப் பிரதாபன் பாதியாக அறுத்து, புதுக் கால்கள் அடித்து, மீன்தொட்டி வைக்கும் மேசையாக்கினான். அப்பா செத்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது.

“மாமாவின்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டுமே. அதுக்குள்ளை என்ன அவசரம்?” என்றாள் மனைவி கஜானி.

“தொட்டி வந்திட்டுது. நிலத்திலை வைக்க ஏலாது.”

தொட்டிக்குத் தண்ணீர் விட்டதும் பலகை நடுவில் வளைந்தது. பிரதாபன் கால்களுக்குக் குறுக்கே சட்டம் அடித்தான். பிறகு கூரைக்கு அடிக்கும் பனஞ்சிலாகையில் ஒரு துண்டு வெட்டி, பலகையின் நடுவுக்குக் கீழே முண்டு கொடுத்து, சுத்தியலால் தட்டி இறுக்கினான். அப்போதும் பலகை முனகியது.

“தண்ணிப் பாரம்தான். வேறை என்ன? இறக்கிப் பாப்பம்,” என்றான் பிரதாபன்.

மீன்களை வாளிக்கு மாற்றினார்கள். தண்ணீரை அள்ளி முற்றத்தில் ஊற்றினார்கள். வெறும் தொட்டியை இருவருமாகத் தூக்கி நிலத்தில் வைத்தார்கள்.

மேலே ஒன்றும் இல்லை. பலகை வளைந்தபடியே இருந்தது.

பிரதாபன் சிலாகைத் துண்டைப் பிடித்து இழுத்தான். மேலிருந்து அழுத்தும் பாரத்தில் அது அசையவே இல்லை.

கஜானி அவனைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். வீடு கூட்டும்போது மாமனாரிடம் தினமும் சொல்லிவந்த அதே குரலில், தன்னை அறியாமலே சொன்னாள்:

“மாமா, ஒருக்கா எழும்புங்கோ.”

பலகை நிமிர்ந்தது. சிலாகைத் துண்டு கழன்று விழுந்தது.

சுவரோரம் வெறுமையாக இருந்த பிரம்புக் கதிரை கிரீச்சிட்டது. அதன் இருக்கைப் பின்னல் மெல்லக் கீழே பதிந்தது.