உரிச்ச கோழி

“உடுப்பா மச்சான் இது? உரிச்ச கோழி மாதிரி இரிக்காய்.”

“மல்யுத்தத்துக்கு இதத்தான் போடணும்.”

“அப்ப ஆணம் காய்ச்ச வெட்டலாம்.”

பாடசாலைக் காலத்தில், எல்லோரும் கேட்க றுஷ்தி சப்ரானைப் பார்த்துச் சொன்னது. ‘உரிச்ச கோழி’ என்ற பெயர் கல்முனைக் கடைத்தெரு வரை ஒட்டிக்கொண்டது. சப்ரான் மல்யுத்தத்தை விட்டான். அவனைப் பார்த்துப் புதிதாகச் சேர இருந்தவர்களும் வரவில்லை. இன்று மல்யுத்தப் போட்டி மண்டபத்தின் உடைமாற்றும் அறையில், ஆள் போதாமல் பயிற்றுநர் இழுத்து வந்த றுஷ்தி அதே இறுகிய சிவப்பு உடுப்பில் நிற்கிறான். ஜன்னல் வெயில் அவனுடைய வெளுத்த தொடையில் விழுகிறது. அவிழ்த்த சாரனை இடுப்பில் வாரிப் பிடித்திருக்கிறான். விரல்கள் அதை விடுவதாயில்லை. வெளியே பெடியன்மாரின் சிரிப்பு கேட்கிறது. “கதவச் சாத்து மச்சான். தொட தெரியிது, வெளிய வர ஏலா.” றுஷ்தி வருவதைக் கேள்விப்பட்டு வந்து வாசலில் நிற்கும் சப்ரான் கதவைச் சாத்தவில்லை. றுஷ்தியின் தவிப்பைச் சூடான தேநீர்போல மெல்ல மெல்ல அனுபவிக்கிறான். பிறகு தன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சாரனையும் அவிழ்க்கிறான். உள்ளே பழைய சிவப்பு உடுப்பு. அதற்குக் கீழே முழங்காலைத் தாண்டி இறங்கும் கறுப்புக் காற்சட்டை, அவனே அளவு கொடுத்துத் தைப்பித்தது. அதுபோல் இன்னொன்றைப் பையிலிருந்து எடுத்து றுஷ்தியின் தோளில் போடுகிறான்.

“இத உள்ளுக்குப் போடு. பிறகு சாக்குச் சொல்ல உனக்கு ஒண்டும் இரிக்கப்படாது.”

“என்னத்துக்கு?”

இத்தனை காலம் தொண்டைக்குள் கிடந்ததைச் சப்ரான் தாழ்ந்த குரலில் கேட்கிறான்.

“அவனுகள் எல்லாரும் பார்க்க, என்னோட ஒருக்கா மல்லுக்கட்டு.”