யாரும் முந்தாத வண்டி

“மாமனாருக்குத் துளி சந்தேகம் வரக் கூடாது. மூச்சு அப்படியே அடங்கணும், அவ்வளவுதான்,” என்றார் மாப்பிள்ளை, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு.

எதிரே நின்றவர் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டார். “பெரிய மனுஷன். பாவமா இல்லையா?”

“பாவம்தான். என்ன பண்றது, எல்லாம் என் பொண்டாட்டிக்காகத்தான்.”

அடங்க வேண்டிய மூச்சு, மாமனாருடைய காரின் மூச்சு. பட்டறை நடுவில் பானெட் திறந்து நின்ற அந்தக் காரின் ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்து ஒரு ஒயர் லேப்டாப்புக்குப் போயிருந்தது. கழுவிக் கொண்டு வருவதாக வீட்டில் சொல்லிவிட்டு, மடியில் நிறைகுடத்தை வைத்திருப்பவர் போல மெல்ல உருட்டி வந்திருந்தார் மாப்பிள்ளை. ஸ்கூட்டருக்குப் பழகிய கால். டர்போ வண்டியின் ஆக்சிலரேட்டரை அது தொட்டதே தவிர மிதிக்கவில்லை.

மாமனார் அப்படியல்ல. முதுகு சீட்டில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஓட்டுவார். நம் குடும்பத்தை ரோட்டில் முந்தியவன் கிடையாது என்பதைப் பெண் கொடுக்கும்போதே மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவைத்தவர். அப்போது அதை எல்லோரும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். அவருடைய காரில் ஒருமுறை ஏறி இறங்கிய பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இப்போது இந்த மாப்பிள்ளைக்குக் கொடுத்த இளைய மகளுக்கு நிறைமாதம். வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குத் தானேதான் ஓட்டிப் போவேன் என்று பெரியவர் அறிவித்துவிட்டார். தம் வீட்டுப் பெண் வாடகைக் காரில் போய் இறங்குவதா என்று கேட்டார். அதற்கு மேல் அந்த வீட்டில் பேச ஆள் கிடையாது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டலாமே என்று வாய் தவறிச் சொன்ன மூத்த மாப்பிள்ளையிடம், பேச வேண்டியதை எல்லாம் பெரியவர் இன்றுவரை சுவரைப் பார்த்தே பேசுகிறார்.

பட்டறைக்காரர் அந்தக் காருக்கு வெகுநாள் வைத்தியர். பருவம் மாறும்போதெல்லாம் பெரியவரே கொண்டுவந்து நிறுத்தி, டியூனிங்கை மாற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். வெயில் காலத்தில் சூடான காற்று உள்ளே போனால் இன்ஜின் டக்டக்கென்று தட்டும். அதனால் காற்றை உள்ளே அமுக்கித் தள்ளும் டர்போவின் அழுத்தத்தைக் குறைத்து வைக்க வேண்டும். குளிர்காலத்துக் காற்று கனமானது. அழுத்தத்தைத் தாராளமாக ஏற்றலாம், வண்டி இன்னும் பாயும். இதைச் சாப்பாட்டு மேசையில் பெரியவர் வருஷம் தவறாமல் விளக்குவார். மாப்பிள்ளை வருஷம் தவறாமல் தலையை மட்டும் ஆட்டுவார்.

குளிருக்கான டியூனிங் போன வாரம்தான் முடிந்திருந்தது. அந்தப் பாய்ச்சலைக் குறைக்கச் சொல்லத்தான் மாப்பிள்ளை வந்திருந்தார்.

“பெரியவர் காலை வெச்சதும் கண்டுபிடிச்சிடுவாரே,” என்றார் பட்டறைக்காரர்.

மாப்பிள்ளை அதற்கும் வழி வைத்திருந்தார். பழியைக் குளிர் மேல் போட்டுவிட்டால் போதும் என்றார். முந்தாநாள் பெரியவர் மகளைச் செக்கப்புக்கு அழைத்துப் போனபோது, பாலத்தின் மேல் ஒரு பால் வண்டி ஹாரன் அடித்துவிட்டு, அவரை ஓரங்கட்டி முன்னால் போயிருக்கிறது. மகள் திடுக்கிட்டு அப்பாவைப் பார்த்தாளாம். குளிருக்கு இன்ஜின் கொஞ்சம் சோம்புகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டாராம்.

“டர்போ வண்டி குளிருக்குச் சோம்புதுன்னு, பெரியவரா சொன்னார்?”

“அவர் வாயாலேயே சொன்னார். நமக்கு நல்லதாப் போச்சு. அதையே கெட்டியாப் பிடிச்சுக்குங்க.”

பட்டறைக்காரருக்குத் திடீரென்று பானெட்டுக்குள் ஏதோ வேலை வந்துவிட்டது. தலையை உள்ளே விட்டவர் கொஞ்ச நேரம் வெளியே எடுக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

மாப்பிள்ளை விடவில்லை. குனிந்து அவர் காதோரம் பேசினார். “அண்ணே, விளையாட்டில்ல. வலியோட அவ பின்னால உட்கார்ந்திருப்பா. அவ கத்துற சத்தத்துல இவர் இன்னும் மிதிப்பார். அவ பத்திரமாப் போய்ச் சேரணும், இவர் தலையும் குனியக் கூடாது. ரெண்டும் உங்க கையிலதான் இருக்கு.”

பட்டறைக்காரர் நிமிர்ந்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. லேப்டாப்பை மாப்பிள்ளை பக்கம் திருப்பினார். டர்போ அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கோடு, திரையின் அடியில் தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

“இதுக்குக் கீழே குறைச்சா, ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கிட்டுத்தான் போகணும்.”

மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. குளிருக்கு ஏற்றி வைப்பதற்காகத்தானே போன வாரம் வண்டி வந்தது என்று கேட்டார்.

“வந்தது. வீட்டுல யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு.”

“யார் உத்தரவு?”

பட்டறைக்காரர் ஒயரைக் கழற்றிச் சுருட்டினார். பானெட்டை மெல்லச் சாத்தினார்.

“பெரியவர் உங்களை முந்திட்டாரு, மாப்பிள்ளை.”